பங்கருக்குள் இறங்கிய முன்னறிவிப்பு

அளம்பில், முல்லைத்தீவு
2001 செப்ரெம்பர் 2, ஞாயிறு
காலை 8.10, பழைய நேரம் (கொழும்பு நேரம் இல்லை)

ரூபி அக்கா,

கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கிற வள்ளம் நாற்பத்தொன்று. பூசை முடிஞ்ச கையோட போய் எண்ணிப்போட்டு வந்துதான் எழுதுறன். காற்று விழுந்துபோய்க் கடல் குளம் மாதிரிக் கிடக்கு. நேவியையும் ரெண்டு நாளாக் காணேல்ல. எண்டாலும் ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்ல. காரணம் நீ.

நீ அம்மாவுக்கு எழுதின கடிதம் போன ஞாயிறு வந்தது. ஆறு வருசம் சென்னையில இருந்து இஞ்சத்தை நடைமுறை உனக்கு மறந்துபோச்சு. வவுனியாவில இருந்து பாதர் கட்டாகக் கொண்டுவாற கடிதங்களைப் பூசை முடியக் கோயில் வாசலில குடுப்பினம். கண் தெரியாத ஆக்களுக்கு அங்கேயே வாசிச்சும் காட்டுவினம். அம்மாவின்ர கண்ணாடி உடைஞ்சு கனகாலம். நான் இரணைமடுப் பக்கம் கிணறு வேலையில நிண்டனான். அம்மா உன்ர கடிதத்தைக் கொண்டுபோய்ச் சம்மாட்டி அப்புத்துரையிட்டக் குடுத்திருக்கிறா. நாலு வள்ளம் வைச்சிருக்கிற மனுசன். தொண்டையும் அதுக்கேத்த மாதிரி. பாதி ஊர் கேட்டிருக்கு.

நீ எழுதினதை அப்படியே திருப்பி எழுதுறன். 'எங்கள் செயற்கைக்கோள் படத்தில் முல்லைத்தீவுக்குக் கிழக்கே கடல் வழமையைவிடச் சூடாகத் தெரிகிறது. ஜனவரியில் குஜராத்தில் நிலம் நடுங்குவதற்கு முன்னும் இப்படித் தெரிந்தது. செப்ரெம்பருக்குள் ஏதாவது நடக்கலாம். கவனமாக இருங்கள்.'

கவனமாக எண்டால் எங்க போய்க் கவனமாக இருக்கிறது? அதை நீ எழுதேல்ல. அப்புத்துரை வாசிச்சு முடிச்சிட்டுக் கேட்டாராம், "மேல நிண்டு படம் எடுக்குதெண்டால் அது வண்டுதானே? வண்டு வந்து சுத்தினால் பின்னால என்ன வரும்?" வண்டு எண்டால் ஆளில்லாத வேவு விமானம். நீ போன பிறகு வந்த சாமான். அது சுத்திப்போட்டுப் போனால் கிபிர் வந்து குண்டு போடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச கணக்கு அது. அதால ஊர் முழுக்கப் பங்கர்க் குழியைத்தான் பாத்தது. பழசைத் தோண்டிச் சரிப்படுத்திச்சினம், புதுசும் வெட்டிச்சினம். அம்மா பாயும் செபமாலையும் எடுத்துக்கொண்டு உள்ள இறங்கினவா, இறங்கினதுதான். சமைக்க மட்டும் குசினிக்கு ஏறி வாறா.

நிலம் நடுங்கப்போகுது எண்டு சொல்லி நிலத்துக்குக் கீழ போய்ப் படுக்கிற சனம் உலகத்தில எங்கயாவது உண்டோ? இஞ்ச உண்டு. இது கடற்கரை மணல். ஒரு உலுக்கல் போதும். நான் தொண்டை கிழியச் சொல்லிப் பாத்திட்டன். அம்மா சொல்றா, "நீ கிணறு வெட்டப் படிச்சனி. அவள் வானம் படிச்சவள்."

ஆகவே நீதான் எழுதவேணும். ரெண்டே வரி. நான் எழுதினது பிழை, அம்மா மேல ஏறி வாங்கோ. அவா ஏறினால் ஊரும் ஏறும். வேற ஒண்டும் எழுதி இதைக் குழப்பாத.

ஜெனுசன்


சென்னை
14.09.2001

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வள்ளங்களை எண்ணி எழுத நேரமிருந்த உனக்கு, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுத நேரமிருக்கவில்லை. பரவாயில்லை. இருக்கிறேன்.

நீ கேட்கும் இரண்டு வரியை என்னால் எழுத முடியாது. பிடிவாதத்தால் அல்ல. நான் சொன்னது பிழை என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பிழை என்று எழுதுவதும் பொய்தானே.

நாங்கள் இங்கே இரண்டு வேலை செய்கிறோம். ஒன்று ராடார். செயற்கைக்கோள் ஒரே நிலத்தை இரண்டு தடவை அளக்கும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால், இடையில் அந்த நிலம் நாலு விரற்கடை நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். குஜராத்தில் எந்த வயல் எவ்வளவு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நான் இங்கே மேசையிலிருந்தே சொல்வேன். ஆனால் அது நடந்து முடிந்த பிறகு. மற்றது வெப்பப் படம். நடுங்குவதற்கு முன்னர் அந்த இடம் சூடாகிறது என்பது எங்கள் பேராசிரியரின் கொள்கை. குஜராத் படங்களில் நானே என் கண்ணால் பார்த்தேன். அதே நிறம் ஓகஸ்டில் நம் கடலில் தெரிந்தது. வெளியே சொல்ல வேண்டாம் என்றார். உங்களுக்கு மட்டும் சொன்னேன்.

ஆறு வருடமாக உங்களைப் பற்றிய செய்தி எல்லாம் எனக்கு நடந்த பிறகுதான் வந்திருக்கிறது. செல் குண்டு விழுந்த பிறகு, இடம்பெயர்ந்த பிறகு, சித்தப்பாவைப் புதைத்து ஒரு மாதம் போன பிறகு. முதல் தடவையாக ஒன்று எனக்கு முன்கூட்டித் தெரிந்தது. அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்க வேண்டுமா? நீயே சொல்லு.

பங்கருக்குள் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். அம்மாவை முற்றத்தில் படுக்கச் சொல். வெட்ட வெளிதான் பாதுகாப்பு.

அக்கா
ஜெயரூபினி


அளம்பில்
24.09.2001

அக்கா,

முற்றத்தில படுக்கட்டாம் எண்டு வாசிச்சுக் காட்டினன். அம்மா கேட்டது இது: "கிபிர்க்காரனுக்கு முற்றம் தெரியாதோ?" நான் சொன்னன், வரப்போறது கிபிர் இல்லையணை, நிலநடுக்கம். "வாறது எதெண்டாலும் மேல இருந்து கண்டுதானே சொன்னவள்" எண்டிட்டுத் திரும்பிப் படுத்திட்டா.

இஞ்ச எச்சரிக்கையில கால், அரை, முக்கால் எண்டு ஒண்டும் இல்லை. கிபிர் வரக்கூடும் எண்டால் கிபிர் வரும். அப்பிடி நம்பித்தான் உயிரோட இருக்கினம். உன்ர ஆய்வுகூட நியாயத்தை இந்தச் சனத்துக்கு எழுதாத.

பழைய பங்கர் ஆழம் காணாது எண்டு அம்மா ஒற்றைக்காலில நிண்டா. தானே மண்வெட்டியை எடுத்திட்டா. பிறகு நான் வெட்டினன், ஆறடி. மேல பனங்குத்தி அடுக்கியிருக்கு. பக்கத்துக்கு அடுக்க உரப்பை ஒண்டும் இல்லை. உரமே ஆமி உள்ள விடுறாங்கள் இல்லை, பைக்கு எங்க போறது? பக்கச் சுவர் வெறும் மணல்.

ரெண்டு வரி கேட்டனான். இன்னும் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்.

ஜெனுசன்


சென்னை
26.09.2001

தம்பி,

நேற்று இரவு எட்டு இருபத்தாறு. விடுதியில் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். தண்ணீர்க் கோப்பை தானாக நகர்ந்தது. ஒருத்தி மேசையை ஆட்டாதே என்று என்னை ஏசினாள். பிறகு கட்டில்கள், கதவு, எல்லாம். எல்லோரும் கத்திக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன், ஆனால் ஆய்வுகூடத்துக்கு.

செப்ரெம்பர் என்றேன், செப்ரெம்பரில் வந்தது. கடல் என்றேன், கடலுக்குள் வந்தது. மையம் நான் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, புதுச்சேரிப் பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். பேராசிரியர் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டுரை எழுதப்போகிறோம். அதில் என் பெயரும் வரும்.

அங்கே உணர்ந்தீர்களா? அம்மா என்ன சொன்னா? நீ இனி என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. உன்னை வெல்ல வேண்டும் என்று எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அக்கா


ஆஸ்பத்திரி விறாந்தை, புதுக்குடியிருப்பு
28.09.2001

அக்கா,

செவ்வாய்க்கிழமை இரவு நிலம் அசைஞ்சது. அம்மாவுக்கு இடது தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. உயிருக்கு ஆபத்து இல்லை. இதை முதல் எழுதிப்போட்டுத்தான் மற்றதை எழுதுறன்.

வீட்டில ஒரு ஓடு விழேல்ல. மாதா சுரூபம் வைச்ச இடத்தில இருந்து அசையேல்ல. குசினியில ரெண்டு கோப்பை ஒண்டோட ஒண்டு முட்டிச் சத்தம் போட்டது. ஒரு தும்மல் தும்மி முடிக்கிற நேரம்தான். அளம்பிலில அண்டைக்குக் காயப்பட்ட ஆக்கள் எல்லாரும் பங்கருக்குள்ள இருந்த ஆக்கள். வெளியில நிண்ட ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

அம்மாவும் பக்கத்து வீட்டு வடிவம்மாவும் உள்ள இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தவை. மேற்குச் சுவர் அப்படியே வழுகி இறங்கிச்சுது. தாங்க ஒண்டும் இல்லாமல் ஒரு குத்தி அதோட உள்ள வந்திட்டுது. வடிவம்மா தவண்டு வெளியில வந்திட்டா. அம்மா நெஞ்சுவரைக்கும் மணலுக்குள்ள. மண்வெட்டி போட்டால் அவாவில பட்டிடும். அதால கையாலயும் சோத்துக் கோப்பையாலயும்தான் அள்ளினம். அள்ள அள்ள மணல் இறங்கிக்கொண்டே இருந்தது.

அவா அதுக்குள்ள இருந்து என்னைக் கேட்டா, "தம்பி, மேல சத்தம் நிண்டிட்டோ?"

"மேல ஒரு சத்தமும் இல்லையணை."

"இல்லாமல் எப்பிடி?"

"இது கீழ."

"அப்ப மேல இருந்து இனித்தானே வரும், ஏன் என்னை வெளியில எடுக்கிறாய், மடையா? வந்து முடியட்டும், பிறகு எடு."

குத்தியைத் தூக்கேக்குள்ளதான் முதல் தரம் கத்தினவா. உழவு மெசினில ஏத்தி இஞ்ச கொண்டுவந்தம். வழி முழுக்கக் கத்தேல்ல, பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தா. இப்ப காலுக்கு இழுவை போட்டுக் கல்லுக் கட்டித் தொங்கவிட்டிருக்கினம். ஆறு கிழமை கிடக்கவேணுமாம்.

அந்தப் பங்கரை வெட்டினது நான்தான். அதை நீ எனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. நீ ரெண்டு வரி எழுதியிருந்தால் வெட்டியிருக்கமாட்டன். அதை நான் உனக்கு ஞாபகப்படுத்தத் தேவை இருக்கு.

ஜெனுசன்


புதுக்குடியிருப்பு
09.10.2001

அக்கா,

26ஆம் திகதி நீ எழுதினதை அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு வாசிச்சன். கை குலுக்கினவராம். நல்லது. மற்றக் கையையும் குலுக்கச் சொல்லு.

உன்ர கடிதம் இல்லாமலே அம்மா உன்ர கட்சி. வாறவை போறவை எல்லாருக்கும் சொல்றா, "மூத்தவள் சொன்னாள், நடந்தது பாத்தியளோ." கால் முறிஞ்சதுகூட அவாவுக்கு உன்ர கெட்டித்தனத்துக்கு அத்தாட்சி. வீட்டுக்குப் போனவுடன பங்கரை இன்னும் ஆழமா வெட்டவேணுமாம், ஆறடி போதாமல் போட்டுதாம். அப்புத்துரை நேற்று மீன்குழம்போட வந்து என்ர காதுக்குள்ள கேக்கிறார், "அக்காட்ட ஒருக்காக் கேட்டு எழுது மோனை, இந்த மாசம் எந்தக் கிழமை தொழிலுக்குப் போகலாமெண்டு." நீ இப்ப ஊருக்குப் பஞ்சாங்கம்.

நான் கேக்கிறதுக்கு இலக்கத்தில பதில் எழுது. 'கொஞ்சம் வடக்கே' எண்டால் எத்தினை மைல்? இந்த வருசம் அந்தக் கடல் எத்தினை தரம் சூடாகத் தெரிஞ்சது? அதில எத்தினை தரம் நடுங்கினது?

நான் கிணறு வேலைக்காரன். பத்து இடத்தில தண்ணி எண்டு காட்டி ஒரு இடத்தில மட்டும் ஊற்று வந்தால் அந்த ஆளை நாங்கள் அடுத்த கிணத்துக்குக் கூப்பிடுறேல்ல. உங்கட ஆய்வுகூடத்தில கை குலுக்குவினம் போல.

ஜெனுசன்


சென்னை
21.10.2001

ஜெனுசன்,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் பிரித்தேன் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு முழுக்க எழுத முடியவில்லை.

நீ கேட்ட பதில். நான் சொன்ன இடத்துக்கும் நடுங்கிய இடத்துக்கும் முந்நூறு கிலோமீற்றர். ஜனவரியிலிருந்து அந்தக் கடல் ஒன்பது தரம் சூடாகத் தெரிந்திருக்கிறது. எட்டுத் தரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது தரம் நடந்ததும் வேறு இடத்தில்.

அந்த எட்டையும் நான் ஒளித்து வைக்கவில்லை. பார்க்கவே இல்லை. நடுங்கிய நாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கித் தேடினால் ஒரு சூடு எங்கேயாவது கிடைக்கத்தான் செய்யும். குஜராத்திலும் அப்படித்தான் தேடினோம். உன் கடிதத்துக்குப் பிறகுதான் எல்லாப் படங்களையும் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். காற்று விழுந்த கிழமைகளில் கடலின் மேற்பரப்பு சூடேறுகிறது. வேறொன்றும் இல்லை.

பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். "எட்டையும் எழுதினால் இது கட்டுரையா, மன்னிப்புக் கடிதமா?" என்று கேட்டார். மன்னிப்புக் கடிதம் என்றேன். என் அம்மா கால் முறிந்து கிடக்கிறா என்றும் சொன்னேன். அது விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத விசயம் என்றார். என் பெயரை எடுத்துவிட்டேன். ராடார் வேலையை மட்டும் செய்யப்போகிறேன். நகர்ந்த நிலத்தை அளந்து, எது எங்கே உடைந்தது என்று சொல்வேன். எப்போது என்று இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆறடி மணலை முட்டுக் கொடுக்காமல் வெட்டக்கூடாது என்று உனக்குப் படிப்பித்தவர்கள் சொல்லித் தரவில்லையா? உரப்பை இல்லாவிட்டால் வெட்டாமல் விட்டிருக்க வேண்டும். அம்மா ஒற்றைக்காலில் நின்றால் என்ன, இரண்டு காலாவது மிஞ்சியிருக்கும். என்னை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நீ நீதிவானாக இருக்க முடியாது.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ கேட்ட இரண்டு வரி, பெரிய எழுத்தில். பிந்திவிட்டது என்று தெரியும். அந்தப் பங்கரை மூடிவிடு, தயவுசெய்து. நிலம் அசைந்தால் வெட்ட வெளிக்குப் போகச் சொல். ஆனால் கரைக்கு வேண்டாம். கடலுக்கடியில் பெரிதாக அசைந்தால் தண்ணீர் ஏறி வரும்.

ரூபி


அளம்பில்
06.11.2001

அக்கா,

உன்ர கேள்விக்குப் பதில்: சொல்லித் தந்தவை. நான் கேக்கேல்ல. இதுக்கு மேல அதைப் பற்றி எழுதமாட்டன்.

அம்மாவுக்கு நீ எழுதினதை நான் வாசிக்கேல்ல. முதல் கடிதம் ஆரின்ர தொண்டையில போச்சுதோ, இதுவும் அதே தொண்டையில போகட்டும் எண்டு அப்புத்துரையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாசிக்க வைச்சன். 'நான் எழுதினது பிழை. அம்மா மேல ஏறி வாங்கோ.' வார்டு முழுக்கக் கேட்டது.

அம்மா சொன்னா, "பாவம் பிள்ளை. ஆரோ பக்கத்தில நிண்டு எழுதுவிச்சிருக்கிறாங்கள்."

நான் கேட்டன், "ஆரணை?"

"அதை எழுத விடுவாங்களே?"

அப்புத்துரை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "ஓம் றோசம்மா, எழுத்தும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. பயந்து எழுதின எழுத்து" எண்டார். பக்கத்துக் கட்டில்காரியும் தலையை ஆட்டினா. எனக்கு வந்த கோபத்துக்குக் கட்டிலைத் தூக்கி எறிஞ்சிருப்பன், காலில கல்லுக் கட்டி இருந்ததால விட்டன். ஆனால் யோசிச்சுப் பாத்தால் அவையளில என்ன பிழை? சொன்னதை மறுத்து ஒருத்தர் எழுதினால் இஞ்ச அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அது வாழ்ந்து படிச்ச பாடம். உன்ர எட்டுப் படத்தால அதை அழிக்கேலாது.

வள்ளங்கள் கடலுக்குப் போகுது. உன்னை நம்பாமல் இல்லை. வயிறு.

கோபம் உன்னில பாதி குறைஞ்சிருக்கு. மிச்சப் பாதி அப்படியே இருக்கு. என்னில குறையேல்ல. நான் செய்யப்போறது:

1. புதன்கிழமை காலில கட்டின கல்லைக் கழட்டினால் வியாழன் அம்மாவை உழவு மெசினில வீட்டுக்குக் கொண்டுவாறன். வைக்கோல் கனக்கப் போட்டு.

2. பங்கரை மூடமாட்டன். போன கிழமையும் கிபிர் வந்தது. மேல இருந்து வாறதுக்கு வேற இடம் எங்களுக்கு இல்லை. நீ சென்னையில இருந்துகொண்டு மூடு எண்டு எழுதலாம்.

3. அதை அகலமாக்கிச் சுவரைச் சரிச்சு வெட்டி, வாசல் ரெண்டு வைச்சு, பக்கமெல்லாம் பலகை அடிக்கிறன். பலகைக்கு உன்ர அலுமாரியை உடைக்கிறன். நீ வந்து கலியாணம் கட்டேக்குள்ள தாறதெண்டு அம்மா பூட்டி வைச்சிருக்கிற அந்த முதிரை அலுமாரிதான். உடைக்க விடமாட்டா. அதால புதன்கிழமையே உடைச்சு முடிச்சிடுவன்.

4. வீடு வீடாப் போய்ச் சொல்லுவன்: மேல சத்தம் கேட்டால் பங்கர். சத்தமே இல்லாமல் கீழ அசைஞ்சால் பங்கரை விட்டு வெளியேறிக் கோயில் முன்வெளி. கரைக்குப் போகக்கூடாது. கடல் ஏறி வரும் எண்டதை நான் நம்பேல்ல, ஒருத்தரும் நம்பாயினம். எண்டாலும் நீ சொன்னதெண்டு சொல்லாமல் நான் சொன்னதெண்டு சொல்லுவன்.

5. அம்மாவுக்கு இனிக் கடிதம் சரிவராது. ஒரு கசற்றில உன்ர குரலில பேசி அனுப்பு. பக்கத்தில ஆரும் இல்லை எண்டு அவா நம்பவேணும், அதால சின்ன வயசில அவாட்ட அடி வாங்கின கதை ஒண்டைச் சொல்லித் தொடங்கு. பிறகு அந்த ரெண்டு வரியைச் சொல்லு. பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி டைனமோவில கசற்றைப் போடுவன். நான் சுத்துறன், அவா கேக்கட்டும். நடுவில நீ அழுதியெண்டால் சுத்துறதை நிப்பாட்டிப்போடுவன்.

ஜெனுசன்